வாசகர் கேள்வி – பதில்: கன்வெர்ட்டரில் வீணாகும் வாட்டை மீட்பது எப்படி?

பவர் கன்வெர்ட்டர்களின் (மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுற்றுகளின்) செயல்திறனைக் கட்டுப்பாட்டு முறையைக் கொண்டு கூட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகள் எல்லாமே தாளில் போட்டுப் பார்க்கக்கூடியவை. உங்கள் சுற்றின் எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிங்க்ரனஸ் பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்து மாறி மாறிக் கடத்தும் வகை) செய்திருக்கிறேன். 500 கிலோஹெர்ட்ஸ், 4.7 மைக்ரோஹென்றி இண்டக்டர். 3 ஆம்பியரில் 93 சதவீதம் வருகிறது. ஆனால் கருவி பெரும்பாலான நேரம் உறக்க நிலையில்தான் இருக்கும். அப்போது சுமை 10 மில்லிஆம்பியர். அதில் செயல்திறன் 35 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. இன்னும் நல்ல மாஸ்ஃபெட் போடலாமா?

பதில்: வேண்டாம். ஆன் ரெசிஸ்டன்ஸ் (கடத்தும்போது உள்ள தடை) குறைந்த மாஸ்ஃபெட்டுக்கு கேட் சார்ஜ் (ஒவ்வொரு முறை திறக்கவும் கேட் முனையில் ஏற்ற வேண்டிய மின்னூட்டம்) அதிகம். உறக்க நிலை இழப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

சதவீதத்தை ஒதுக்கிவிட்டு வாட்டில் பாருங்கள். 10 மில்லிஆம்பியரில் வெளியே போவது 50 மில்லிவாட். 35 சதவீதம் என்றால் உள்ளே வருவது 143 மில்லிவாட், வீண் 93. முழுச் சுமையில் வீணாவது 1.13 வாட். அந்தப் பெரிய தொகைக்குள் இந்த 93 மில்லிவாட் கண்ணில் படாமல் இருந்தது, அவ்வளவுதான். சுமை குறைந்தாலும் அது குறையாது, ஏனென்றால் அது சுமையால் வருவதில்லை. நொடிக்கு ஐந்து லட்சம் முறை ஸ்விட்ச் போடுவதால் வருகிறது.

இந்த அளவுள்ள சுற்றில் அது ஏறத்தாழ இப்படிப் பிரியும். இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் சேர்த்து கேட் சார்ஜ் 8 நானோகூலும் என்று வைத்தால், கேட் டிரைவர் 12 வோல்ட்டிலிருந்து லீனியர் ரெகுலேட்டர் வழியாக ஓடும்போது 8 நானோகூலும் × 12 வோல்ட் × 500 கிலோஹெர்ட்ஸ் = 48 மில்லிவாட். டிரைவர் 5 வோல்ட்டில்தானே ஓடுகிறது என்று இங்கே பலர் 5-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். மீதி 7 வோல்ட் ரெகுலேட்டரில் சூடாகிறது என்பதை மறக்கக் கூடாது. இண்டக்டர் ரிப்பிள் (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம்) உச்சிக்கு உச்சி 1.24 ஆம்பியர். அது சுமை இல்லாவிட்டாலும் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருப்பதால் கோர் இழப்பு 25 மில்லிவாட் அளவிலும், செம்பிலும் மாஸ்ஃபெட்டிலும் 6 மில்லிவாட் அளவிலும் போகும். கண்ட்ரோலர் தனக்கென்று 1 மில்லிஆம்பியர் எடுத்தால் 12 மில்லிவாட். கூட்டினால் 91.

முதல் வேலை, கண்ட்ரோலரில் பயாஸ் பின் (அதற்கும் டிரைவருக்கும் வெளியிலிருந்து மின்சாரம் தரும் முனை) இருந்தால் அதை 5 வோல்ட் வெளியீட்டுடன் இணையுங்கள். கேட் இழப்பு 48-லிருந்து 20 சொச்சத்துக்கு இறங்கும். பிறகு முக்கியமான மாற்றம்: சுமை குறையும்போது நிலையான அதிர்வெண்ணை விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் ஒரு துடிப்பு கொடுக்கும் பி.எஃப்.எம். முறைக்குப் போவது. இண்டக்டர் மின்னோட்டம் 1 ஆம்பியரைத் தொட்டதும் துடிப்பை நிறுத்துவதாகக் கொண்டால், ஏற 0.67, இறங்க 0.94 மைக்ரோவிநாடி ஆகும். ஒரு துடிப்பு வெளியே தள்ளுவது 0.81 மைக்ரோகூலும். 10 மில்லிஆம்பியருக்கு நொடிக்கு 12,400 துடிப்பு போதும். ஸ்விட்ச்சிங் நாற்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. கேட்டில் போன 48 மில்லிவாட் 1.2 ஆகிவிடும்.

ஆனால் கண்ட்ரோலரின் 12 மில்லிவாட் அப்படியே நிற்கும், செயல்திறனும் 75 சதவீதப் பக்கத்தில் முட்டிக்கொள்ளும். துடிப்புகளுக்கு நடுவே தானும் உறங்கி, சில பத்து மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் ஐ.சி.யாகத் தேர்ந்தெடுத்தால்தான் 90-ஐ நெருங்கலாம்.

இதில் மூன்று இடங்களில் இடறும். முதலாவது, 12.4 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும். செராமிக் கெப்பாசிட்டர் போர்டையே அதிரவைத்து இரையும். உச்ச மின்னோட்டத்தை 0.75 ஆம்பியராகக் குறைத்தால் அதே சுமையில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், கொஞ்சம் இழப்பு கூடும். இரண்டாவது, ரிப்பிள். 22 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட சிறிய செராமிக் 5 வோல்ட் ஏறியதும் 12 மைக்ரோஃபாரடாகச் சுருங்கியிருக்கலாம். அதில் 0.81 மைக்ரோகூலும் விழுந்தால் 67 மில்லிவோல்ட் துள்ளும். மூன்றாவது, இரண்டு முறைகளுக்கும் இடையே ஊசலாட்டம். 250 மில்லிஆம்பியருக்குக் கீழே பி.எஃப்.எம்., 350-க்கு மேலே பி.டபிள்யூ.எம். (நிலையான அதிர்வெண் முறை) என்று இடைவெளி விடுங்கள். 1 ஆம்பியர் உச்சத்தில் பி.எஃப்.எம். துடிப்புகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் சராசரி 500 மில்லிஆம்பியரைத் தாண்டாது. அதனால் மாறும் புள்ளியை அதற்கு மிக அருகில் வைக்காதீர்கள்.

கேள்வி: டையோடு எமுலேஷன் (இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்யமானதும் கீழ் மாஸ்ஃபெட்டை அணைக்கும் முறை) போட்டும் குறைந்த சுமையில் பெரிய முன்னேற்றம் இல்லை. இரண்டு மாஸ்ஃபெட்டும் இண்டக்டரும் சேரும் ஸ்விட்ச் முனையில் ஏதோ அலையடிக்கிறது. அதுதான் காரணமா?

பதில்: அலையடிப்பது காரணமல்ல. இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்யமான பிறகு இண்டக்டரும் அந்த முனையின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது; இயல்பானது. கவனிக்க வேண்டியது, கீழ் மாஸ்ஃபெட் அணையும் அந்தக் கணம்.

ஆசிலோஸ்கோப் புரோபை ஸ்விட்ச் முனையில், மிகக் குட்டையான தரை இணைப்போடு வையுங்கள். அணைந்த உடனே முனை பூஜ்ய வோல்ட்டுக்குக் கீழே 0.7 வோல்ட் விழுந்தால், மின்னோட்டம் பூஜ்யமாகும் முன்பே அணைத்துவிட்டீர்கள். மீதி மின்னோட்டம் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடில் போகிறது. மாறாக முனை 12 வோல்ட்டையும் தாண்டி 12.7-க்குத் துள்ளினால், தாமதமாக அணைத்திருக்கிறீர்கள். மின்னோட்டம் திரும்பி, வெளியீட்டிலிருந்து எடுத்த ஆற்றல் உள்ளீட்டுக்குத் திரும்பிப் போகிறது. இரண்டும் இல்லாமல் நேரே 5 வோல்ட்டைச் சுற்றி ஆடத் தொடங்கினால் சரியான கணம்.

தாமதம்தான் வழக்கமான கோளாறு. மேலே சொன்ன பக் கன்வெர்ட்டரில் மின்னோட்டம் மைக்ரோவிநாடிக்கு 1.06 ஆம்பியர் வேகத்தில் இறங்குகிறது. கம்பரேட்டரும் டிரைவரும் சேர்ந்து 60 நானோவிநாடி தாமதித்தால் பூஜ்யத்தைத் தாண்டி 64 மில்லிஆம்பியர் எதிர்த்திசையில் போய்விடும். அதைவிடப் பெரியது ஆஃப்செட், அதாவது கம்பரேட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் புள்ளியின் விலகல். 15 மில்லிஓம் மாஸ்ஃபெட்டின் மேல் மின்னழுத்தத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கம்பரேட்டரில் 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் பிழை 133 மில்லிஆம்பியர். ஆன் ரெசிஸ்டன்ஸ் குறையக் குறைய இந்தப் பிழை பெருகும் என்பதால்தான், முழுச் சுமைக்கு அருமையான மாஸ்ஃபெட் குறைந்த சுமையில் ஏமாற்றுகிறது.

அணைக்கும் வரம்பைப் பூஜ்யத்தில் வைக்காமல் சற்று நேர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். சற்று முன்பே அணைப்பதால் டையோடில் போகும் இழப்பு சிறிது. தாமதித்து அணைப்பதன் விலை அதைவிட அதிகம். டிஜிட்டல் கண்ட்ரோலர் என்றால் கம்பரேட்டரே வேண்டாம்: இறங்கும் நேரம் என்பது ஏறும் நேரம் × (உள்ளீடு − வெளியீடு) ÷ வெளியீடு. இரண்டு மின்னழுத்தங்களையும் அளந்து இந்தக் கணக்கின்படி அணைத்துவிடலாம். இண்டக்டரின் மதிப்பு அதில் வராது என்பது பெரிய வசதி.

கேள்வி: டெட் டைமை (இரண்டு மாஸ்ஃபெட்டும் அணைந்திருக்கும் இடைவெளியை) எவ்வளவு வரை குறைக்கலாம்? 72 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகண்ட்ரோலர் பயன்படுத்துகிறேன்.

பதில்: முதலில் அது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். 10 ஆம்பியர், பாடி டையோடில் 0.8 வோல்ட், ஒரு சுழற்சிக்கு 30 நானோவிநாடி வீதம் இரண்டு இடைவெளி, 500 கிலோஹெர்ட்ஸ்: 0.24 வாட். வெளியீடு 1.2 வோல்ட் என்றால் மொத்தமே 12 வாட். அதில் இது 2 சதவீதம், விடக்கூடாத தொகை. வெளியீடு 48 வோல்ட் என்றால் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் நிலைமை வேறு. அதில் பாடி டையோடு கிடையாது. பின்னோக்கிக் கடத்தும்போது 2 வோல்ட்டோ அதற்கு மேலோ விழும். அதே 60 நானோவிநாடிக்கு 0.6 வாட் போகும்.

குறைக்கும் முறை: சுமையையும் உள்ளீட்டு மின்னழுத்தத்தையும் மாறாமல் வைத்து, டெட் டைமை ஒவ்வொரு படியாகக் குறைத்து உள்ளீட்டு மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அது இறங்கும், ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொடும், பிறகு சட்டென்று ஏறும். ஏறுவது இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒருசேரக் கடத்துவதன் அடையாளம். அடிமட்டத்திலிருந்து ஒரு படி பின்வாங்கி நில்லுங்கள். இதை அறை வெப்பத்தில் மட்டும் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மாஸ்ஃபெட் சூடாகும்போது அதன் கேட் வரம்பு மின்னழுத்தம் இறங்கும், அணையத் தாமதமாகும். முழுச் சுமையில் சூடான பிறகும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது லேப் சப்ளையின் மின்னோட்ட வரம்பை இறுக்கி வையுங்கள்.

72 மெகாஹெர்ட்ஸ் டைமரில் ஒரு படி 13.9 நானோவிநாடி. 28-லிருந்து 42 என்று தாவ வேண்டியிருக்கும். நடுவில் நிற்க முடியாது. நுணுக்கம் தேவை என்றால் உயர்துல்லிய டைமர் உள்ள சில்லுக்கு மாறுங்கள், அல்லது டெட் டைமைத் தானே அமைத்துக்கொள்ளும் கேட் டிரைவரிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

மின்னழுத்தம் இறங்கிய பிறகே மாஸ்ஃபெட்டைத் திறக்கும் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் சுற்றுகளான எல்.எல்.சி., ஃபேஸ் ஷிஃப்ட் ஃபுல் பிரிட்ஜ் போன்றவற்றில் கதை தலைகீழ். அங்கே டெட் டைம் வீணல்ல. முனையின் கெப்பாசிட்டன்ஸை மின்னோட்டம் இழுத்துத் திருப்புவதற்கான நேரம். 400 வோல்ட் பஸ்ஸில் (உள்ளீட்டு நேர்மின் கம்பியில்), மாஸ்ஃபெட் ஒன்றுக்கு 150 பிக்கோஃபாரட் வீதம் இரண்டுக்கும் சேர்த்து 120 நானோகூலும் நகர வேண்டும். 1 ஆம்பியர் இருந்தால் 120 நானோவிநாடி. அரை ஆம்பியரே இருந்தால் 240. சுமையோடு டெட் டைமை மாற்றாமல் ஒரே எண்ணில் நிறுத்தினால் குறைந்த சுமையில் முனை பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த மாஸ்ஃபெட் திறக்கும். மிச்ச மின்னழுத்தம் வெப்பமாகிவிடும். மின்னோட்டத்துக்கு எதிரே டெட் டைமைக் குறித்த எட்டு, பத்து வரி அட்டவணை ஒன்றை நிரலில் வைத்தாலே போதும்.

கேள்வி: நான்கு ஃபேஸ் (இணையாக ஓடும் நான்கு பக் சுற்றுகள்) உள்ள பக் கன்வெர்ட்டரில் சுமை குறையும்போது ஃபேஸ்களை அணைக்கிறோம். எந்த மின்னோட்டத்தில் அணைப்பது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் வைத்திருக்கிறோம். கணக்கு உண்டா?

பதில்: உண்டு, எளிமையான கணக்கு. ஒரு ஃபேஸ் சும்மா ஓடுவதற்கே ஆகும் நிலையான இழப்பையும், அந்த ஃபேஸின் மொத்த ரெசிஸ்டன்ஸையும் அளந்துகொள்ளுங்கள். ஃபேஸ் கூடினால் முதலாவது கூடும், கடத்தல் இழப்பு குறையும். இரண்டும் ஈடாகும் இடம்தான் மாறும் புள்ளி. நிலையான இழப்பை ரெசிஸ்டன்ஸால் வகுத்து, இப்போதைய ஃபேஸ் எண்ணிக்கையாலும் அதற்கு அடுத்த எண்ணாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள்.

ஃபேஸுக்கு 0.5 வாட், 5 மில்லிஓம் என்றால்: ஒன்றிலிருந்து இரண்டுக்கு 14.1 ஆம்பியர், இரண்டிலிருந்து மூன்றுக்கு 24.5, மூன்றிலிருந்து நான்குக்கு 34.6. முழுச் சுமையை நான்காக வகுத்து சம தூரத்தில் புள்ளி வைப்பது பலர் செய்வது. 80 ஆம்பியர் கன்வெர்ட்டரில் அப்படி வைத்தால் 20, 40, 60 என்று வரும். 55 ஆம்பியரில் மூன்று ஃபேஸை மட்டும் ஓட்டிக்கொண்டு தேவையில்லாமல் சூடாக்குவீர்கள்.

கூட்டுவதும் அணைப்பதும் ஒரே அவசரத்தில் நடக்கக் கூடாது. சுமை ஏறினால் உடனே, அடுத்த சுழற்சியிலேயே எல்லா ஃபேஸையும் திறந்துவிட வேண்டும். மின்னோட்டம் அளந்து, சராசரி எடுத்து, பிறகு முடிவெடுப்பதற்குள் இருக்கும் ஒரே இண்டக்டர் செறிவடைந்து, மின்னோட்ட வரம்பு தட்டி, வெளியீடு சரிந்துவிடும். அதனால் திறப்பதை வெளியீட்டு மின்னழுத்தச் சரிவைப் பார்த்துச் செய்யுங்கள். அணைப்பதைச் சில மில்லிவிநாடி பொறுத்து, சராசரி மின்னோட்டம் திறக்கும் புள்ளிக்கு 20 சதவீதம் கீழே நிலைத்த பிறகு செய்யலாம்.

ஃபேஸ் அணைந்ததும் மீதமுள்ளவற்றின் கோண இடைவெளியை மாற்றியமையுங்கள்: நான்குக்கு 90 பாகை, மூன்றுக்கு 120, இரண்டுக்கு 180. இதை மறந்தால் ரிப்பிள் கூடி, மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு கெப்பாசிட்டரில் போய்விடும். ஃபேஸ் எண்ணிக்கையோடு லூப் கெயினும் (கட்டுப்பாட்டு வளையத்தின் பெருக்கமும்) மாறுவதால், ஒரு ஃபேஸில் ஓடும்போதும் நிலைத்தன்மையைத் தனியாகச் சோதியுங்கள்.

கேள்வி: 12 வோல்ட் அடாப்டர் ஒன்று செய்தோம், குவாசி ரெசொனன்ட் ஃப்ளைபேக் (டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆற்றலைத் தவணையாகக் கடத்தும் வகை). சுமையே இல்லாதபோது 0.4 வாட் எடுக்கிறது. குறைந்த சுமையில் கரகரவென்று சத்தமும் வருகிறது. கண்ட்ரோலரை மாற்றலாமா?

பதில்: மாற்றும் முன் கண்ட்ரோலருக்குச் சம்பந்தமில்லாத இழப்பைக் கழித்துப் பாருங்கள். 325 வோல்ட் பஸ்ஸிலிருந்து 470 கிலோஓம் ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர் இருந்தால் அதுமட்டும் 0.22 வாட். 230 வோல்ட் குறுக்கே இருக்கும் எக்ஸ் கெப்பாசிட்டரை வடிக்கும் 2 மெகாஓம் ரெசிஸ்டரில் 26 மில்லிவாட். 5 மில்லிஆம்பியர் காட்டி எல்.இ.டி.யில் 60. வெளியீட்டைக் கவனித்துக் கண்ட்ரோலருக்குச் சொல்லும் டி.எல்.431-ம் ஆப்டோகப்ளரும் சேர்ந்து 2 மில்லிஆம்பியர் எடுத்தால் 24. கிட்டத்தட்ட முழுக் கணக்கும் இங்கேயே தீர்ந்துவிட்டது.

49 வாட் வரையிலான அடாப்டருக்கு அமெரிக்காவின் ஆறாம் நிலை விதியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1782 விதியும் சுமையற்ற நிலையில் 0.1 வாட்டைத்தான் அனுமதிக்கின்றன. ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர் இருக்கும்வரை அந்த எண்ணைத் தொடவே முடியாது. தொடங்கியதும் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் உயர்மின்னழுத்த ஸ்டார்ட்அப் உள்ள கண்ட்ரோலர் தேவை. அந்த வகையில் உங்கள் யோசனை சரிதான்.

சத்தத்துக்குக் காரணம் வேறு. குவாசி ரெசொனன்ட் முறையில் மாஸ்ஃபெட் டிரெயின் மின்னழுத்தம் ஆடி இறங்கும் பள்ளத்தில் திறக்கிறது. தேவையான நேரம் இரண்டாம் பள்ளத்துக்கும் மூன்றாம் பள்ளத்துக்கும் நடுவில் விழுந்தால் கண்ட்ரோலர் ஒருமுறை இதிலும் ஒருமுறை அதிலுமாகத் தாவும். அந்தத் தாவலின் வேகம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்து டிரான்ஸ்ஃபார்மர் கரகரக்கும். ஒரு பள்ளத்தைப் பிடித்தால் சுமை தெளிவாக மாறும்வரை அதை விடாத, வேலி லாக் உள்ள கண்ட்ரோலர் இதைத் தீர்க்கும். மிகக் குறைந்த சுமையில் அதிர்வெண் 25 கிலோஹெர்ட்ஸில் நின்று, உச்ச மின்னோட்டம் முழு அளவின் கால் பங்களவுக்கு இறங்கி, அதன் பிறகே துடிப்பைத் தவிர்க்கும் வகையாகப் பாருங்கள். தவிர்ப்பின் வேகம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்தாலும் துடிப்பு சிறிதாக இருப்பதால் சத்தம் அமுங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் கோரை வார்னிஷில் தோய்ப்பதும் உதவும், ஆனால் அது மூல காரணத்தைத் தொடாது.

கேள்வி: மூன்று ஃபேஸ் மோட்டார் இன்வெர்ட்டரில் அதிர்வெண்ணைக் குறைக்காமல் ஸ்விட்ச்சிங் இழப்பைக் குறைக்க வழி உண்டா?

பதில்: டிஸ்கன்டினியூயஸ் பி.டபிள்யூ.எம். முயன்று பாருங்கள். ஒவ்வொரு ஃபேஸையும் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மேல் அல்லது கீழ் பஸ்ஸோடு கட்டிவைத்துவிடுவதுதான் அது. ஸ்விட்ச் ஆகும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையும். கட்டிவைக்கும் நேரத்தை (மேலே 60, கீழே 60 பாகை) அந்த ஃபேஸின் மின்னோட்ட உச்சங்களோடு பொருத்தினால் இழப்பு பாதிவரை குறையும், ஏனென்றால் மிகவும் செலவாகும் ஸ்விட்ச்சிங்தான் தவிர்க்கப்படுகிறது. மின்னோட்டம் 30 பாகைவரை பின்தங்கினாலும் கட்டுமிடத்தை அதற்கேற்ப நகர்த்தலாம்.

குறைந்த வேகத்தில் இதை அணைத்துவிட்டு எல்லா ஃபேஸும் இடைவிடாமல் ஸ்விட்ச் ஆகும் வழக்கமான ஸ்பேஸ் வெக்டர் முறைக்குத் திரும்புங்கள். மாடுலேஷன் (பஸ் மின்னழுத்தத்தில் வெளியீடு பயன்படுத்தும் பங்கு) குறையும்போது டிஸ்கன்டினியூயஸ் முறையில் மின்னோட்ட ரிப்பிள் கூடும். மோட்டாரில் இழப்பு ஏறும். இன்னொரு ஆபத்தும் அங்கே உண்டு. பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரால் (கீழ் மாஸ்ஃபெட் கடத்தும்போது மட்டும் ஏறும் கெப்பாசிட்டரால்) மேல் மாஸ்ஃபெட்டை இயக்கினால், 50 ஹெர்ட்ஸில் 60 பாகை என்பது 3.3 மில்லிவிநாடிதான்; 2 ஹெர்ட்ஸில் 83 மில்லிவிநாடி. அதற்குள் கெப்பாசிட்டர் வடிந்து கேட் மின்னழுத்தம் சரிந்துவிடும். கீழ் பஸ்ஸோடு மட்டும் கட்டும் வகை இதைத் தவிர்க்கும், பதிலுக்குக் கீழ் வரிசை மேல் வரிசையைவிட அதிகம் சூடாகும்.

கேள்வி: கட்டுப்பாட்டு நிரலை மாற்றியதில் 97.0 சதவீதம் 97.3 ஆனது. இந்த 0.3-ஐ நம்பலாமா?

பதில்: உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் மின்னழுத்தத்துக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என நான்கு மீட்டர் வைத்து அளந்திருந்தால் நம்ப வேண்டாம். 100 வாட் வெளியீட்டில் 97 சதவீதம் என்றால் இழப்பு 3.1 வாட். நான்கு அளவீட்டிலும் அரை சதவீதப் பிழை ஒரே பக்கம் சேர்ந்தால் 2 வாட் தவறிப்போகும். நீங்கள் மீட்டதோ 0.3 வாட்.

நல்ல செய்தி, வித்தியாசத்தை அளப்பது முழு அளவை அளப்பதைவிட மிக எளிது. கம்பிகள் எதையும் தொடாமல், ஒரே போர்டில், ஒரே சுமையில், நிரலை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி உள்ளீட்டு வாட்டை மட்டும் ஒப்பிடுங்கள். மீட்டரின் நிலையான பிழை இரண்டு பக்கமும் கழிந்துபோகும். மின்னழுத்தத்தைக் கெப்பாசிட்டர் முனையிலேயே தனிக் கம்பியால் எடுங்கள்; கனெக்டரின் 5 மில்லிஓம் 10 ஆம்பியரில் அரை வாட். ஒவ்வொரு முறையும் வெப்பம் நிலைக்க அரை மணி நேரமாவது விடுங்கள்.

துடிப்புகளை விட்டுவிட்டுத் தரும் பர்ஸ்ட் முறையில் மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் வரிசையைத் தொடரில் போடாதீர்கள். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் துடிப்பு மின்னோட்டத்தைத் தடுத்து கன்வெர்ட்டரையே திணறவைக்கும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 12 வோல்ட்டுக்கு ஏற்றி, சப்ளையைத் துண்டித்து, அரை வோல்ட் இறங்க ஆகும் நேரத்தைப் பாருங்கள். 5 விநாடி என்றால் சராசரி 1 மில்லிஆம்பியர். கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவையும், குறுக்கே நிற்கும் மீட்டர் எடுப்பதையும் கன்வெர்ட்டர் இல்லாமல் ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

97-க்கு மேல் உண்மையான எண்ணே வேண்டும் என்றால் வெப்பத்தை அளப்பது மேல். கன்வெர்ட்டரை மூடிய, காப்பிட்ட பெட்டியில் ஓட்டி, உள்ளே எத்தனை பாகை ஏறி நிலைக்கிறது என்று குறியுங்கள். சுமை வெளியே இருக்க வேண்டும். பிறகு அதே பெட்டியில் கன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஒரு ரெசிஸ்டரில் நேர்மின்னோட்டம் செலுத்தி, அதே பாகைக்குக் கொண்டுவாருங்கள். ரெசிஸ்டருக்குக் கொடுத்த வாட்தான் கன்வெர்ட்டரின் இழப்பு. 3 வாட்டில் ஒரு சதவீதம் தவறினாலும் 30 மில்லிவாட்தான். 100 வாட் வெளியீட்டின் செயல்திறனில் அது 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது.